பீர்க்கங்காய் பிஸ்கட்

1

அப்பா இறந்து ஒரு வருடம் நிறைந்த அன்று நான் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் வடக்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. துணி துவைக்கிற மெஷினைப் போட்டால்கூடக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். சத்தம் வராமல் செய்யக்கூடிய வேலை சமையலறையில்தான் இருக்கிறது.

பிஸ்கட் என்றால் நீங்கள் நினைக்கிற பிஸ்கட் இல்லை. மைதா கிடையாது, சர்க்கரை கிடையாது, வெல்லம்கூடக் கிடையாது. சுக்கினி என்று இங்கே ஒரு காய் உண்டு. பார்க்க வெள்ளரிக்காய், குணத்தில் சுரைக்காய். அதையும் ஒரு கேரட்டையும் துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். ஈரம் மிஞ்சினால் எல்லாம் வீண். பிறகு பாதாம் மாவு, ஒரு முட்டை, கொஞ்சம் வெண்ணெய், பட்டைத்தூள். இனிப்புக்கு ஒரு வெள்ளைப் பொடி விற்கிறார்கள். நாக்கில் வைத்தால் முதலில் இனிக்கும், அப்புறம் காரணமே இல்லாமல் சில்லென்று ஆகும். உருட்டித் தட்டி ஓவனில் வைத்தால் இருபத்தைந்து நிமிடம்.

எனக்குச் சர்க்கரை வந்து நாலு வருடமாகிறது. டாக்டரிடம் முதல் தடவை போனபோது சரியான மருத்துவச் சொல் வாயில் வரவில்லை. நாற்பது வருடம் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்த்தவள், அந்தச் சொல்லை ஆயிரம் தடவை எழுதியவள், தனக்கென்று வந்ததும் "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்று தமிழை அப்படியே ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் திருத்தவில்லை. இங்கே வயதானவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு மொழியும் தானாக ஒத்துப்போன இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பிஸ்கட் செய்முறையை அனுப்பியது என் மகள் ரூத். முப்பது வயது. இங்கேயே பிறந்தவள். அவள் அப்பா இந்த ஊர்க்காரர். நாங்கள் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. ரூத்துக்குச் சர்க்கரை எதுவும் இல்லை. ஆனாலும் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எதையும் தொடுவதில்லை. மாவுச்சத்து என்ற சொல்லை, ஒதுக்கிவைத்த பழைய சிநேகிதியின் பெயரைப் போலச் சொல்வாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். மற்ற நாட்களில் போனில் ஏதாவது செய்முறை வரும். நலமா என்று கேட்பதற்குப் பதிலாக அது வருகிறது என்று எடுத்துக்கொள்வேன்.

2

அப்பா பெயர் தேவசகாயம். குடவாசலிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்து, அறுத்து, கட்டுச் சுமந்தவர். என் தம்பி டேனியல் வேலைக்குப் போய் ஒன்றரை ஏக்கர் நஞ்சை வாங்கிய பிறகு, தினமும் அந்த வரப்பில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். செருப்புப் போடமாட்டார்.

ஒருநாள் கருவேல முள் காலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. மூன்று நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது. தரையில் சீழ் பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தம்பி மனைவி லில்லிதான் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்கலயா மாமா?"

"இல்லையேம்மா. அது மரத்துப்போயி ரொம்ப நாளாச்சு."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். மூன்று வேளைச் சோற்றை நிறுத்துங்கள், முடிந்தால் அடியோடு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த அன்றே, மதியம், அப்பா தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக லில்லி எனக்குப் போன் செய்தாள்.

அந்த ஞாயிறு நானே அவரிடம் பேசினேன்.

"அப்பா, டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் சோறு?"

"அவரு படிச்ச புள்ள, சொல்றாரு. அரைப் படி நெல்லு கூடக் கேட்டு அடி ஒதை வாங்குனவன் நான். அன்னைக்கும் ஒருத்தரு சோறு கெடையாதுன்னாரு. இன்னைக்கும் ஒருத்தரு கெடையாதுங்கிறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் அடம்பிடிக்கிறவர்களிடம் பேசுகிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அந்தக் குரலில், அடுத்த முறை விரலோடு நிற்காது, முழங்கால் வரைக்கும் எடுப்பார்கள் என்றேன். அப்பா போனை லில்லியிடம் கொடுத்துவிட்டார்.

3

அந்த அரைப் படி என்னவென்று சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது ஏழு வயது. டேனியல் பிறக்கவில்லை. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று மேடை போட்டுப் பேசியவர்கள் வந்திருந்தார்கள். எங்கள் தெருவிலும் அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. ஆனால் எங்கள் தெருவுக்குச் சோறு சென்னையிலிருந்து வருவதில்லை. மிராசுதார் களத்திலிருந்து, கூலி நெல்லாக, மரக்காலில் அளந்து வர வேண்டும். அந்த அறுப்புக்கு, அறுத்துத் தருகிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப் படி கூடுதலாகக் கேட்டது கூலிக்காரர் சங்கம். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து வயலில் இறக்கினார்கள். தெரு முனையில் செங்கொடி நின்றது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியது. அதனால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவைக் கூட்டிப்போய், நாலு நாள் கழித்து விட்டார்கள். திரும்பி வந்தபோது உட்காரத் தெரியாதவர் போல நின்றுகொண்டே இருந்தார்.

வீட்டில் நெல் தீர்ந்தது. அதன் பிறகு வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்கண்ணி, குளத்தில் இறங்கிப் பறித்த அல்லிக்கிழங்கு. அம்மா நிறைமாதம். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள், வெயில் நேரத்தில், மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார். தெருவுக்குள் வரமாட்டார். முனையில் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிட்டார். நான் அப்பா பின்னாலேயே போனேன்.

"பொண்டாட்டி பச்ச ஒடம்புக்காரி. யோசிச்சுப் பாரு தேவசகாயம். இந்தக் கொடிய நீ எறக்கு. ரெண்டு மரக்கா நெல்லு இப்பவே வூட்டுக்கு வரும்."

அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "நான் எறக்குனா தெருவே எறக்கிடும்ங்க," என்றார். காரியஸ்தர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீடு தெருவில் முதல் வீடு. அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். நாங்கள் உள்ளே போனபோது குழந்தையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் ஊறவில்லை. குழந்தை பத்தொன்பது நாள் இருந்தது. சபை உபதேசியார் வந்து ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் முடிந்துவிட்டதால் அதற்குப் பெயரில்லை.

பிறகு அரைப் படி கிடைத்தது. அப்பா கூலி நெல்லோடு வந்தார். அம்மா அதைக் குத்திச் சோறாக்கி அப்பாவுக்கும் எனக்கும் போட்டாள். அன்று அவள் சாப்பிட உட்காரவில்லை. நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது அந்த ருசி மட்டும்தான்.

ரூத்திடம் ஒருமுறை இதைச் சொல்ல ஆரம்பித்தேன். நண்டு, நத்தை, கீரை வரைக்கும் சொல்லியிருப்பேன். "அப்படின்னா நீங்க எல்லாரும் அப்பவே மாவுச்சத்து இல்லாமத்தான் சாப்பிட்டிருக்கீங்க, மம்மா," என்றாள். கேலி இல்லை. உண்மையான வியப்போடு, நல்ல ஜெர்மனில் சொன்னாள். மீதியை நான் சொல்லவில்லை. கோபமும் வரவில்லை. தேநீர் போட எழுந்து போனேன்.

4

சபை மூலமாகத்தான் நான் இங்கே நர்ஸ் படிப்புக்கு வந்தேன். இருபத்தொரு வயது. நான் கிளம்பிய வருடம்தான் எங்கள் வீட்டு மனைக்குப் பட்டா வந்தது. அதுவரை மிராசுதார் எழுந்து போ என்றால் போக வேண்டிய மண்ணில்தான் எங்கள் கூரை நின்றது. அப்பா அந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்திருந்தார்.

இங்கே முதல் கிறிஸ்துமஸ். விடுதித் தலைவி ஒரு தட்டோடு வந்து, "நிம் டிர் ஐன் ப்ளெட்ஸ்ஹென்," என்றார். ப்ளட்ஸ் என்றால் இடம் என்று வகுப்பில் படித்திருந்தேன். கடைசியில் ஹென் சேர்ந்தால் எதுவும் சின்னதாகிவிடும். ஒரு சின்ன இடம் எடுத்துக்கொள் என்கிறார் என்று புரிந்துகொண்டு, சுவரோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு நான் இருந்த இடத்துக்கே வந்தார். அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் பிஸ்கட் என்று அர்த்தம்.

இதை அப்பாவுக்குத் தமாஷாக எழுதினேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உபதேசியார் படித்துக் காட்டியிருப்பார். அப்பா சொல்லி அவர் எழுதிய பதிலில், எஸ்தர், உனக்கு அங்கே இடம் கொடுத்தது கேட்டுச் சந்தோஷம், அதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று இருந்தது.

5

விரல் எடுத்த பிறகு அப்பாவுக்கு இந்தப் பிஸ்கட்டை அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியது. தபாலில் கெடாமல் போகட்டும் என்று இரண்டாம் முறையும் குறைந்த சூட்டில் காயவைத்தேன். தபால் நிலையத்தில் படிவம் கொடுத்தார்கள். உள்ளே என்ன, எடை என்ன, மதிப்பு என்ன. வீட்டில் செய்த பிஸ்கட், சர்க்கரை நோயாளிக்கானது என்று எழுதினேன். நோயாளி என்ற அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டிருக்கலாம்.

சென்னைச் சுங்கத்தில் அதை மருந்து என்று நிறுத்திவைத்தார்கள். மருந்தென்றால் டாக்டர் சீட்டு வேண்டும். மருந்தில்லை, உணவு என்றால் என்னென்ன சேர்ந்தது என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். டேனியலின் அடையாள அட்டை நகல், என் பாஸ்போர்ட் நகல். நான் ஜெர்மனில் எழுதிய கடிதத்தை ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஆங்கிலத்தில் அனுப்பியதும் சுக்கினி என்றால் என்ன என்று கேட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்சல் வீட்டுக்குப் போனது.

"பூசணம் புடிச்சிருக்கு அண்ணி," என்றாள் லில்லி. "கோழி வந்து மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

அதன் பிறகு லில்லிக்கே சொல்லிக்கொடுத்தேன். ஊரில் சுக்கினிக்கு எங்கே போவது? பீர்க்கங்காய் வைத்துச் செய்து பார் என்றேன். ஓவன் கிடையாது. அடிகனமான அலுமினியச் சட்டியில் உப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்து, மூடி, சிறுதீயில் வைத்தாள்.

"பிழிஞ்சா ஒரு சொம்புத் தண்ணி வருது அண்ணி. இதுல என்ன மிஞ்சும்?"

"மிஞ்சுறது போதும். நல்லாப் பிழி."

இரண்டு முறை தீய்ந்து, மூன்றாம் முறை வந்தது. அந்த ஞாயிறு வீடியோ போனில் பேசும்போது அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, வறட்டி மாரி இருக்கு," என்றார். லில்லி சிரித்தாள், டேனியல் சிரித்தான், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

"எனக்காகப்பா. சோத்த விட்டுட்டு இதையும் காய்கறியையும் சாப்பிடுங்க. எனக்காக."

"சரி," என்றார்.

அவர் அவ்வளவு லேசாகச் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், பேச ஆரம்பித்ததும், ஒரு பிஸ்கட்டைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டுவார். கடிப்பார். மெல்லுவார். சர்க்கரை அளவை லில்லி எழுதி அனுப்புவாள். எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

6

எட்டு மாதம் கழித்து, ஒரு வேலைநாளில் டேனியல் கூப்பிட்டான். முதியோர் இல்லத்தின் நடைபாதையில் மாத்திரை வண்டியோடு நின்றிருந்தேன்.

"அக்கா, அப்பா போயிட்டாரு. காலையில கொல்லைக்குப் போயிட்டு வந்து கட்டில்ல படுத்தாரு. எழுப்புனா எந்திரிக்கல."

சரி என்றேன். இன்னும் ஏழு பேருக்கு மாத்திரை பாக்கி இருந்தது. கொடுத்து முடித்தேன். ஒருவருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை; பிறகு சரிபார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து அலுவலகத்தில் இருந்தது. நான் இந்த ஊர்க் குடியுரிமை வாங்கி வெகுநாளாகிறது. நான் பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். கணினியில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அவசரம் என்று போட்டாலும் நாலு வேலைநாள் ஆகும் என்றாள். அடக்கம் எப்போது என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, வருந்துகிறேன் என்றாள்.

அடக்கத்தைப் போனில் பார்த்தேன். டேனியல் போனைத் தாழ்த்திப் பிடித்திருந்ததில் பெரும்பாலும் ஆட்களின் கால்கள்தான் தெரிந்தன. மண் விழுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அந்த ஒரு வருடம் நான் அழவில்லை. யாரிடமாவது போய்ப் பேசுங்கள் என்று ரூத் ஒரு மனநல ஆலோசகரின் முகவரி அனுப்பினாள். போனேன். அங்கே ஒரு பெண்மணி, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரே ஒரு நினைப்பு மட்டும் வந்துவந்து போனது. பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும், காய் துருவும்போது வரும். சோற்றுக்காக அடி வாங்கியவர், சோற்றுக்காகக் குழந்தையைக் கொடுத்தவர், கடைசி எட்டு மாதம் சோறில்லாமல் போனார். நிறுத்தியது மிராசுதார் இல்லை. நான். இதை ஜெர்மனில் சொல்ல முயன்றேன். அரிசி என்றுதான் வந்தது. அந்த மொழியில் நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்தான். அந்தப் பெண்மணி, அரிசி உங்களுக்கு முக்கியம் போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். நான் மறுபடி போகவில்லை.

7

இப்போது அந்த ஞாயிறு. ரூத் வந்திருந்தாள். மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது லில்லியின் அழைப்பு வந்தது. ஊரில் சாயங்காலம் ஆகியிருக்கும். கை ஈரம் என்பதால் போனை மேசைமேல் வைத்துப் பேசினேன்.

"ஜெபம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி. கல்லறைக்குப் போயிட்டு வந்து எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம்." அதோடு நிறுத்தினாள். "அண்ணி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். திட்டுனாலும் திட்டுங்க."

"சொல்லு."

"மாமா சோறு சாப்பிட்டாரு."

நான் பிசைவதை நிறுத்தினேன்.

"மொத அஞ்சு மாசம் சத்தியமா தொடல அண்ணி. நீங்க சொன்ன மாரிதான். அப்புறம் ஒருநாள் மத்தியானம் சோறு வடிச்சிட்டிருந்தேன். அடுப்படி வாசப்படியில வந்து நின்னாரு. நின்னுகிட்டே இருந்தாரு. என்ன மாமான்னேன். ஒண்ணுமில்லம்மா, வாசன நல்லாருக்குன்னாரு. நான் என்ன அண்ணி பண்ணுவேன்? தட்டப் போட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தெனம் மத்தியானம். கடைசி வரைக்கும்."

"நீ அனுப்புன நம்பரு?"

"காலையில வெறும் வயித்துல பாத்தத மட்டும் அனுப்புனேன். எஸ்தர்கிட்ட சொல்லிடாத, தூரத்துல இருக்கு, பயந்துகிட்டே கெடக்கும்னாரு. ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் ரெண்டு பிஸ்கட்டு சுட்டு வைக்கச் சொல்லுவாரு. எஸ்தரு பாக்கணும்பாரு."

அவள் அழுதுகொண்டிருந்தாள். என் மனம் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. மூன்று மாதம், தினம் ஒரு வேளை, எண்பத்துமூன்று வயது, ஏற்கெனவே இரண்டு விரல். என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றே தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன், அதில் சந்தேகமில்லை. லில்லியைத் திட்டியிருப்பேன். அவரைக் கெஞ்சியிருப்பேன். அவர் மறுபடியும் சரி என்றிருப்பார். இன்னும் ஒரு வருடம் இருந்திருப்பாரோ என்னவோ.

ரூத் என் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று ஜெர்மனில் கேட்டாள்.

"தாத்தா சோறு சாப்பிட்டாராம்," என்றேன். தமிழில்தான் வந்தது. அந்த அளவு தமிழ் அவளுக்குத் தெரியும்.

"எப்போ?"

"போறதுக்கு முன்னாடி. மூணு மாசம்."

இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணி? இருக்கீங்களா? கோவமா?"

"கோவமில்ல. கடைசியா எப்பச் சாப்பிட்டாரு?"

"முந்துன நாள் மத்தியானம். நல்லா சாப்பிட்டாரு அண்ணி."

"என்ன கொழம்பு?"

லில்லிக்குப் புரியவில்லை. "என்னங்கண்ணி?"

"என்ன கொழம்பு வெச்ச? அன்னைக்கு. அதுக்கு மொத நாளு. தெனம் தெனம் என்ன வெச்சு, எவ்வளவு சாப்பிட்டாரு. எல்லாத்தையும் சொல்லு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வெரால் மீன் கொழம்பு அண்ணி," என்றாள். "மாங்கா போட்டு வெச்சிருந்தேன். மொதல்ல கொஞ்சமாத்தான் போட்டேன். அப்புறம் அவரே இன்னுங் கொஞ்சம்னு தட்ட நவுத்துனாரு..."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மெதுவாச் சொல்லு லில்லி," என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல."